சூடு எங்கே நிற்கிறது

கம்ப்யூட்டர் சூடாகிறது என்று யாராவது சொன்னால் எங்கள் தொழிலில் முதலில் வாயில் வருவது "பேஸ்ட் மாத்தினீங்களா?" என்ற கேள்விதான். பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் நடுவே தடவும் சாம்பல் நிறப் பசையைச் சொல்கிறேன். மாற்றுவது சுலபம். மாற்றி முடித்ததும் வைத்தியம் பார்த்த திருப்தி இரண்டு தரப்புக்கும் வந்துவிடும். சாலிகிராமத்து அக்காவின் சிஸ்டத்துக்கு நான் போவதற்கு முன்பே அந்த வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. ஒரு பேஸ்ட் மாற்றியிருந்தார்கள், பிறகு விலை கூடின இன்னொரு பேஸ்ட். அதற்கும் அடங்கவில்லை என்றதும் "பிராசசரே போயிடுச்சு மேடம், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

அக்கா சினிமாக்காரர்களுக்கு டி.சி.பி. போட்டுக் கொடுப்பவர். ஒரு படத்தைத் தியேட்டர் புரொஜெக்டர் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் வேலை அது. பெரிய கம்பெனிகள் செய்வதைத்தான் அவர் வீட்டின் முன்னறையில், குறும்படக்காரர்களுக்கும் ஆவணப்படக்காரர்களுக்கும் கட்டுப்படியான கூலிக்குச் செய்துவந்தார். டி.சி.பி.யில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படமாக ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்படும். நொடிக்கு 24 ஃபிரேம், இரண்டு மணி நேரப் படம் என்றால் 1,72,800 ஃபிரேம்கள். அவர் செய்த முறையில் அத்தனை பாரமும் பிராசசரின் தலையில்தான் விழும். மணிக்கணக்கில் எல்லா கோர்களும் மூச்சு விடாமல் ஓட வேண்டும். அதற்காகவே கடன் வாங்கி இன்டெல் ஐ9-12900கே பிராசசரும், 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்த வாட்டர் கூலரும் போட்டு சிஸ்டம் அசெம்பிள் செய்திருந்தார். மூன்று வருடம் நன்றாக உழைத்த மெஷின். இப்போது ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் பாதிகூட முடிந்திருப்பதில்லை. ஒரு ஆவணப்படம் திரைப்பட விழாவுக்குப் போக வேண்டியிருந்தது, தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பிராசசர் சூட்டால் சாவது அபூர்வம். சாவதற்கு முன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். 12900கே-வுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்து, உறிஞ்சும் மின்சாரத்தைக் குறைத்து, அந்த எல்லையிலேயே தொங்கிக்கொண்டு வேலையைத் தொடரும். வேலை நிற்காது, நத்தை வேகத்தில் நகரும். அக்கா பார்த்ததும் அதைத்தான். எனக்கு அது பிராசசர் செத்ததற்கான அடையாளமாகத் தெரியவில்லை. உயிரோடு இருந்து உதவி கேட்பதாகத்தான் பட்டது.

நான் எதையும் கழற்றவில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து மூன்று வரிகளை மட்டும் கண் முன்னால் வைத்துக்கொண்டேன்: சூடு, கிளாக் வேகம், பிராசசர் இழுக்கும் வாட். அறையில் ஏ.சி. 24-இல் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போதே பிராசசர் 58 டிகிரி. "ஒரு ரீலை மட்டும் போடுங்க அக்கா" என்றேன். பட்டனைத் தட்டிய இரண்டே நொடியில் 100. வாட் ஒரு கணம் இருநூறைத் தாண்டியது, உடனே சரிந்து 90-ஐ ஒட்டி நின்றுவிட்டது. 4.9 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பெரிய கோர்கள் அதில் பாதிக்கு இறங்கிவிட்டன.

"நூறு காட்டுதுல்ல? இதைத்தான் அவங்களும் பார்த்தாங்க" என்றார் அக்கா.

நூறை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அந்த நூறு எவ்வளவு நேரத்தில் வந்தது, எத்தனை வாட்டில் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. 241 வாட் வரைக்கும் இழுக்கலாம் என்று இன்டெல்லே எழுதிக் கொடுத்திருக்கும் பிராசசர் அது. அதை அடக்குவதற்கென்று போட்ட கூலர் வெறும் 90 வாட்டிலேயே கையை விரிக்கிறது என்றால், கோளாறு பிராசசரிடம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அந்த இரண்டு நொடி அதைவிட முக்கியம். வாட்டர் கூலரில் சூடு இரண்டு கட்டமாகப் போகிறது. சிப்பிலிருந்து செம்புத் தட்டு வழியாகத் தண்ணீருக்கு முதல் கட்டம். தண்ணீரிலிருந்து ரேடியேட்டர் வழியாக அறைக் காற்றுக்கு அடுத்த கட்டம். முதல் கட்டம் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடும், ஏனென்றால் சிப் என்பது நகத்தளவு சிலிக்கன். அடுத்தது மெதுவாகத்தான் நடக்கும், தண்ணீர் லேசில் சூடாகாது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 ஜூல் வேண்டும். கூலருக்குள் கால் லிட்டர் திரவம் இருக்கிறது, அது கிட்டத்தட்ட தண்ணீரைப் போலத்தான் நடந்துகொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 வாட்டையும் அதற்குள் கொட்டி, ரேடியேட்டர் ஒரு துளிச் சூட்டையும் வெளியே விடவில்லை என்றாலும், அது நிமிடத்துக்குச் சுமார் 14 டிகிரிதான் ஏறும். ஆகவே இரண்டு நொடியில் 100 வந்தால் ரேடியேட்டரையோ ஃபேனையோ தூசியையோ குறை சொல்ல இடமே இல்லை. சூடு தண்ணீருக்குள் இறங்கவில்லை, அல்லது இறங்கிய இடத்திலேயே தண்ணீர் தேங்கி நிற்கிறது. தேட வேண்டிய இடம் ஒரு சாண் தூரத்துக்குள் சுருங்கிவிட்டது, இன்னும் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் வந்தது. நரசிங்கபுரம் தெருவை ஒட்டின ஒரு மாடிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே மூத்தவராக இருந்த அண்ணன் அதற்கு முன்னால் சிந்தாதிரிப்பேட்டையில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவர். கம்ப்யூட்டரை அவர் கடைசியில்தான் கற்றுக்கொண்டார். ஆனால் சூடு எங்கே போகிறது என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். ஃபிரிட்ஜில் எந்தக் குழாய் கொதிக்க வேண்டும், எந்தக் குழாய் வேர்க்க வேண்டும் என்று தொட்டே சொல்லிப் பழகியவர். "மீட்டர எடுக்காத. கைய வைடா மொதல்ல" என்பார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பாய்கிற பையன்களின் கையைப் பிடித்து நிறுத்தி, கேபினட்டுக்குள் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்று வரிசையாகத் தொட்டுச் சொல்ல வைப்பார். அதைச் சொன்ன பிறகுதான் கழற்றலாம். அந்தக் கடையில் சம்பளம் குறைவு, கற்றுக்கொண்டது அதிகம். அவரை நான் குரு என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அக்காவின் கேபினட்டில் பக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். பம்பிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் கிளம்பி ரேடியேட்டருக்குப் போகின்றன. ஒன்றில் சூடான தண்ணீர் போகும், மற்றதில் ஆறின தண்ணீர் திரும்பி வரும். கைக்கொரு குழாய் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். பம்புக்குப் பக்கத்தில் ஒன்று தொட முடியாத அளவுக்குச் சுட்டது. நாலு விரல் தள்ளிப் பிடித்தால் வெதுவெதுப்பு. ரேடியேட்டர் பக்கம் போனால் ஒன்றுமே இல்லை. மற்றக் குழாய் அறையின் குளிர்ச்சியில் இருந்தது. ரேடியேட்டரின் மீது உள்ளங்கையை வைத்தேன், ஏ.சி. காற்றைப் போலச் சில்லென்று இருந்தது. மூன்று ஃபேன்களும் முழு வேகத்தில் சுற்றி, குளிர்ந்த தகட்டின் மேல் குளிர்ந்த காற்றை வீசிக்கொண்டிருந்தன.

நன்றாக ஓடும் கூலரில் இரண்டு குழாய்களுக்கும் வித்தியாசமே தெரியாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒன்று கொதிக்கும், மற்றது குளிரும் என்றுதான் நினைப்போம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடுகிறது என்றால் 240 வாட்டைச் சுமந்து போகும் தண்ணீர் மூன்றரை டிகிரிக்குள்தான் சூடேறும். அந்த வித்தியாசத்தைக் கையால் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. ஒன்று சுட்டு, மற்றது குளிர்ந்தால் ஓடவில்லை. அக்காவைக் கூப்பிட்டு அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்போ தண்ணியே போகலையா?" என்று கேட்டார். இதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் திரையில் பம்ப் 2,800 ஆர்.பி.எம். என்று காட்டிக்கொண்டிருந்தது. முன்பு வந்தவர்கள் பம்பைச் சந்தேகிக்காததற்குக் காரணம் இந்த எண்தான். மோட்டார் சுற்றுகிறது என்பதைத்தான் அது சொல்லும். தண்ணீர் நகர்கிறதா என்று அதற்குத் தெரியாது. உள்ளே காற்று சேர்ந்து விசிறி காற்றைக் கடைந்துகொண்டிருந்தாலும் சுற்று எண்ணிக்கை சரியாகத்தான் வரும். பம்பின் மேல் காதை வைத்துக் கேட்டேன். சீரான ரீங்காரத்துக்கு நடுவே அவ்வப்போது குழலில் நீர் உறிஞ்சுவது மாதிரி ஒரு களகளப்பு. உள்ளே காற்று இருந்தது.

காற்று எப்படி வந்தது? எங்கும் ஒழுகல் இல்லை, ஈரம் இல்லை. மூடி முத்திரையிட்ட கூலர்களிலும் திரவம் வருடக்கணக்கில் ரப்பர் குழாயின் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். போன இடத்தில் காற்று குமிழாகச் சேரும். குமிழ் எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போய் உட்காரும். ரேடியேட்டர் கேபினட்டின் மேற்கூரையில் இருந்தால் குமிழ் அதன் தொட்டியில் போய் ஒதுங்கிக்கொள்ளும், யாருக்கும் தொந்தரவு இல்லை. முன்பக்கம் இருந்தாலும் ரேடியேட்டரின் தலை பம்பைவிட உயரத்தில் இருந்தால் போதும். அக்காவின் சிஸ்டத்தில், உயரமான ரேம் இடித்ததாலோ என்னவோ, ரேடியேட்டரைக் கேபினட்டின் அடித்தளத்தில் வைத்துத் திருகியிருந்தார்கள். மொத்தச் சுற்றிலும் உயரமான இடம் பம்ப்தான். வெளியேறிய திரவத்துக்கு ஈடாகச் சேர்ந்த காற்று முழுக்க நேராகப் பம்பின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. திரவம் நிறைந்திருந்த புதுசில் இது தெரியாது. மூன்றாம் வருடத்தில்தான் தெரியும்.

எல்லாவற்றையும் அணைத்து, கேபினட்டைக் கவனமாகச் சாய்த்து, ரேடியேட்டர் மேலே வரும்படி தலைகீழாகப் பிடித்தோம். அக்காவின் உதவியாளப் பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குழாய்க்குள் குமிழ்கள் நகரும் சத்தம் கேட்டது. அந்த நிலையிலேயே மேசை மீது பத்திரமாக நிறுத்தி வைத்து ஓட்டியபோது குளிர்ந்திருந்த குழாய் மெல்லச் சூடேறியது. நூறைத் தொடுவதற்கு முன்னால் 140 வாட் வரை தாங்கியது. தொண்ணூறிலிருந்து நூற்று நாற்பது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் போதாது. காற்று ஒரு காரணம், அது மட்டுமே காரணம் இல்லை. உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டும் இருக்கிறது.

"கூலர்தான் மாத்தணும் அக்கா. பிராசசர் நல்லா இருக்கு."

"உறுதியா சொல்றியா தம்பி? அதையும் வாங்கி, அப்புறம் பிராசசரும் போச்சுன்னா நான் எங்க போறது?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு "நம்புங்க" என்று பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது. "மாத்திப் பாருங்க" என்பது எங்கள் தொழிலில் புழங்கும் மிக மோசமான வாக்கியம் என்பது என் அபிப்பிராயம். மாற்றிப் பார்க்கும் ஒவ்வொரு பொருளும் இன்னொருவரின் காசு. நமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள அவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? என் பையில் எப்போதும் ஒரு சாதாரண டவர் ஏர் கூலர் இருக்கும். எந்தப் பளபளப்பும் இல்லாத, நாலு செம்புக் குழாயும் ஒரு ஃபேனும் வைத்த பொருள். வாட்டர் கூலரைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். பயாஸுக்குள் போய் பிராசசரை 90 வாட்டுக்கு மேல் இழுக்காதபடி கட்டிவைத்து, அதே ரீலை ஓட்டினேன். வாட்டர் கூலர் நூறைத் தொட்ட அதே 90 வாட்டில், இந்தச் சின்னக் கூலர் அறுபதைச் சுற்றியே நின்றது. கால் மணி நேரம் ஓடவிட்டோம். நகரவில்லை. அக்கா சேரைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த ஏர் கூலரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். விழாவுக்குப் போக வேண்டிய படம் அதில்தான் முடிந்தது, மெதுவாக, ஆனால் திணறாமல். புதுக் கூலர் வரும்வரை அவர் தொழில் நிற்கவில்லை.

பழைய கூலரை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் திறந்தேன். உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. செம்புத் தட்டின் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. உள்பக்கத்தில் அதைச் சீவிச் சீவி நுண்ணிய செதில்களாக நிறுத்தியிருப்பார்கள். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே முடியிழை அளவு இடைவெளி. தண்ணீர் அந்த இடைவெளிகளுக்குள் புகுந்துதான் சூட்டை வாரிக்கொண்டு போக வேண்டும். மூடியைத் தூக்கியதும் செதில்கள் கண்ணில் படவில்லை. வெளுத்த பச்சை நிறத்தில் ஒரு கூழ், ஆறின கஞ்சியின் மேல் படியும் ஆடைபோல, முழுக்க மூடியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் தகடாகப் பெயர்ந்து வந்தது, அடியில் செம்பு கறுத்திருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளிகள் திறந்திருந்தன. தண்ணீர் இத்தனை நாளும் அந்த ஓரத்தின் வழியாகத்தான் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

கூலரின் தட்டு செம்பு, ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு உலோகங்களையும் ஒரே நீரில் நனைய விட்டால் ஒன்று மற்றதை அரிக்கும். அதைத் தடுக்கத்தான் திரவத்தில் அரிப்புத் தடுப்பான்களைக் கலக்கிறார்கள். திரவம் குறைந்து, தடுப்பானும் தளர்ந்த பிறகு அரித்த துகள்கள் மிதக்க ஆரம்பிக்கும். மிகக் குறுகலான வழி எதுவோ அங்கே போய்ச் சிக்கும். சுற்றிலேயே மிகக் குறுகலான இடம் அந்தச் செதில்கள். சூட்டை எடுக்க வேண்டிய இடமும் அதுவே.

வாட்டர் கூலர் என்றால் விளையாட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரம், உள்ளே விளக்கு எரியும் பொம்மை என்று நினைப்பவர்கள் உண்டு. 1980-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த 3081 என்ற பெரிய கணினி தண்ணீரால் குளிர்விக்கப்பட்டதுதான். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சிப்கள் ஒரே பீங்கான் பலகையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சிப்பின் முதுகையும் ஒரு சின்ன பிஸ்டன் ஸ்பிரிங் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். தொட்டும் தொடாத இடைவெளியில் காற்று நிற்கக் கூடாது என்று ஹீலியம் வாயுவை நிரப்பியிருப்பார்கள், அது காற்றைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பதால். இன்று நாம் பேஸ்ட் தடவுவதும் அதே காரணத்துக்காக. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. அறையளவு கணினி செய்த பொறியாளர்களுக்கும் சாலிகிராமத்து முன்னறைக்கும் ஒரே கவலை: இரண்டு பரப்புகளுக்கு நடுவே இருக்கும் அந்த மெல்லிய இடைவெளி.

புதுக் கூலர் வந்தது. தண்ணீரின் சூட்டையே அளந்து சொல்லும் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தேன். இந்த முறை ரேம் குச்சிகளைத் தாழ்வானதாக மாற்றி, ரேடியேட்டரை மேற்கூரையில் ஏற்றினோம். ஓட்டிப் பார்த்தால் 95 டிகிரி.

அக்காவின் முகம் வாடிவிட்டது. நான் வாட்டைக் காட்டினேன்: 250. கிளாக் குறையவில்லை, 4.9-ஐ விட்டு அசையவில்லை. தண்ணீர் 40-இல் இருந்தது. பழைய 100-உம் இந்த 95-உம் திரையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி தெரியலாம். ஆனால் ஒன்று தன் வேலையில் பாதியைக்கூடச் செய்யவில்லை, மற்றது சக்திக்கு மீறிச் செய்துகொண்டிருந்தது.

இது போர்டின் வேலை. இன்டெல் இந்தப் பிராசசருக்கு எழுதியிருக்கும் உச்சம் 241 வாட். வாட்டர் கூலர் இருக்கிறது என்று தெரிந்ததும் பல மதர்போர்டுகள் அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிடும். பயாஸுக்குள் போய் பவர் லிமிட் என்ற இடத்தைப் பார்த்தால் 4,096 வாட் என்று எழுதியிருக்கும். எந்த பிராசசரும் அத்தனை இழுக்கப்போவதில்லை. கட்டுப்பாடு இல்லை என்பதை அப்படி எழுதியிருக்கிறார்கள். சோதனை அட்டவணைகளில் முதல் இடம் வர அது உதவும். விடிய விடிய டி.சி.பி. போடுபவருக்கு உதவாது. பிராசசரின் கடைசிக் கொஞ்ச வேகத்துக்கு வோல்டேஜை ஏற்ற வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் ஏறினால் மின்செலவு அதன் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். கடைசி ஐந்து சதவீத வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை அந்த ஐந்து சதவீதத்தைவிட எத்தனையோ மடங்கு.

நீண்ட நேர எல்லை, குறுகிய நேர எல்லை இரண்டையும் 180 வாட்டில் வைத்தேன். சூடு 76-க்கு இறங்கியது, தண்ணீர் 36-க்கு. "வேகம் போயிடுமே தம்பி?" என்றார். ஒரே ரீலை இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினேன். ஒரு மணி நேர வேலைக்குச் சில நிமிடம்தான் கூடியது. அக்கா கரண்ட் பில்லையும் சேர்த்து மனக்கணக்குப் போட்டிருக்க வேண்டும், உடனே "இப்படியே இருக்கட்டும்" என்றார். பம்பை மட்டும் எந்தக் குறைப்பும் இல்லாமல் எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி பயாஸில் தனியாக வைத்தேன். பிராசசர் ஃபேன் சாக்கெட்டில் பம்பை மாட்டிவிட்டு, சூட்டைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்படி விடுகிற அமைப்பை இன்றைக்கும் பல இடங்களில் பார்க்கிறேன்.

இதற்கு நடுவே கோயம்புத்தூரிலிருந்து கட்டடக்கலை படிக்கும் ஒரு பையன் இதே குறையோடு போனில் வந்தான். அவனுடையதும் 12-ஆம் தலைமுறை பிராசசர், பழைய சிஸ்டத்திலிருந்து கழற்றி மாட்டின வாட்டர் கூலர். இரண்டு குழாயும் ஒரே அளவு வெதுவெதுப்பு, ஆனால் நொடியில் 100. தண்ணீர் ஓடுகிறது, சூடு உள்ளே இறங்கவில்லை. அப்படியானால் தட்டு சரியாகப் பதியவில்லை. முந்தைய சாக்கெட்டில் திருகுத் துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தன, அவனுடைய எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் அது 78. பிராசசரின் உயரமும் குறைந்துவிட்டது. சில போர்டுகளில் இரண்டு வகைத் துளைகளும் இருப்பதால் பழைய பிராக்கெட் மாட்டிக்கொள்ளும், ஆனால் அழுத்தாது. கழற்றி பேஸ்ட்டின் தடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நசுங்காமல், தடவின கோடு தடவினபடியே இருந்தது. கூலர் கம்பெனியின் புது பிராக்கெட்டை வரவழைத்து மாட்டினான், அடங்கிவிட்டது.

அக்காவின் சிஸ்டம் கத்திரி வெயிலில் மறுபடி கூப்பிட்டது. இப்போது அதன் நடை வேறு. நொடியில் தாவவில்லை. தொடங்கும்போது எழுபதுகளில் இருக்கும், அரை மணியில் எண்பதைத் தாண்டும், நடுராத்திரிக்குப் பிறகு 94-ஐத் தொடும். போவதற்கு முன்பே போனில் ஒன்று கேட்டேன்: "அந்த நேரத்துல தண்ணி எவ்வளவு காட்டுது?"

"அம்பத்திநாலு."

94-இல் 54-ஐக் கழித்தால் 40. புதுக் கூலர் மாட்டின அன்று 76-இல் 36 போனாலும் 40. சிப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள படி அன்றைக்கு இருந்த அதே உயரம், அதே 180 வாட்டுக்கு. ஆக பேஸ்ட் சரி, பம்ப் சரி, செதில்கள் சரி. ஏறியிருப்பது தண்ணீர் மட்டும்தான். தண்ணீர் ஏறினால் ரேடியேட்டர், ஃபேன், காற்று, அறை இவற்றைத் தவிர வேறெங்கும் தேட வேண்டாம். இத்தகைய கூலர்களில் தண்ணீரை 60 டிகிரிக்குள் வைத்திருக்கச் சொல்வார்கள், அதற்கு இன்னும் ஆறு டிகிரிதான் பாக்கி.

போய்ப் பார்த்தேன். அக்கா படுக்கப் போகும்போது கரண்ட் மிச்சமாகட்டும் என்று ஏ.சி.யை அணைத்துவிடுவார். சாத்தின அறை, வெளியே சென்னையின் மே மாத ராத்திரி. அதற்கும் மேலாக, வீடு அழகாக இருக்கட்டுமென்று தச்சரை வைத்து மேசைக்குக் கீழே கேபினட்டுக்கென்று ஒரு மரப்பெட்டி அடித்திருந்தார்கள். மூன்று பக்கமும் பலகை, மேலே பலகை. மேற்கூரை ரேடியேட்டர் வெளியே தள்ளும் சூடான காற்று பலகையில் மோதி, சுற்றி வந்து முன்பக்கம் வழியாகத் திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்தேன். அறை 34, பெட்டி 42. வாட்டர் கூலர் எத்தனை உசத்தியானாலும் தனக்குள் வரும் காற்றைவிடக் குளிர்ச்சியாகத் தண்ணீரை ஆக்க முடியாது. அது ஏ.சி. அல்ல, சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போடும் ஆள் மட்டுமே.

கேபினட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம். ரேடியேட்டரின் ஃபேன்களைக் கழற்றினால் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி ஒரு மெல்லிய விரிப்பாகப் படிந்திருந்தது, ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஃபேன்களைக் கழற்றினால்தான் தெரியும். கடைசியாக, ஃபேன்கள் பிராசசர் சூட்டைப் பார்த்து வேகம் எடுக்கும்படி இருந்ததை மாற்றி, தண்ணீரின் சூட்டைப் பார்த்து வேகம் எடுக்கும்படி வைத்தேன். பிராசசர் நொடிக்கு நொடி துள்ளும், அதன் பின்னாலேயே ஃபேனும் கத்தும், அடங்கும். தண்ணீர் அப்படி அவசரப்படாது. அறையிலும் சத்தம் குறைந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை ஜன்னலில் மாட்டச் சொன்னேன், அடுத்த வாரமே மாட்டிவிட்டார்.

பிறகு அக்கா கூப்பிடுவது வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஹீட் ஆகுது" என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை. போன மாதம் ஒரு ராத்திரி போன் வந்தது.

"தம்பி, ரூம் முப்பத்தொண்ணு. தண்ணி நாப்பத்திமூணுல நிக்குது, பிராசசர் எம்பத்திமூணு. அதே நாப்பதுதான். இன்னும் மூணு மணி நேரம் ஓடணும், விட்டுட்டுத் தூங்கட்டுமா?"

"தூங்குங்க அக்கா" என்றேன்.